மன்றத்தில் எழுந்த முதற்குரல்: ராவ் பகதூர் எம். சி. ராஜா

மக்களாட்சி என்னும் மரத்திற்கு ஆணிவேராய் இருப்பது மக்கள் மன்றமே. நாட்டின் வருவாய் எவ்வழிச் செல்வது, எச்செயல் குற்றமாவது, எப்பாதை எல்லார்க்கும் உரியது, எம்மக்களின் கல்விக்கு எவ்வளவு பொருள் ஒதுக்குவது என்பனவெல்லாம் அங்கேதான் முடிவு செய்யப்பெறுகின்றன. அத்தகைய மன்றத்தில் தம்மவர் ஒருவரும் இல்லாத மக்கள், தம்மைப் பற்றிய முடிவுகளைப் பிறர் வாயிலாகக் கேட்டறிய வேண்டியவர்களாகவே இருப்பர். நம் மக்கள் பல தலைமுறைக் காலம் அந்நிலையில் இருந்தனர். அந்நிலை மாறத் தொடங்கிய நாளில், முதலில் சென்னை மாகாண மன்றத்திலும், பின்னர் இந்திய நாடு முழுமைக்குமான மத்திய சட்டசபையிலும் ஒடுக்கப்பட்டோர் சார்பில் அமர்ந்து வாதாடிய பெருமகனார் ராவ் பகதூர் எம். சி. ராஜா ஆவார். மத்திய சட்டசபையில் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் சார்பில் இடம்பெற்ற முதல் உறுப்பினர் அவரே. அவர் தமிழர், தொழிலால் ஆசிரியர்.

நம் இராசபாளையத்தில் ராஜா என்ற பெயரைச் சொன்னவுடன், 1949 முதல் 1952 வரை சென்னை மாநில முதலமைச்சராய் இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜாவையே பலரும் நினைப்பர். அவர் நம் ஊரின் பெருமை. 1934-ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று அவர் மத்திய சட்டசபைக்குச் சென்றபோது, அதே மன்றத்தில் மற்றொரு ராஜாவும் உறுப்பினராய் இருந்தார். அவர்தாம் நாம் ஈண்டுப் பேசப்போகும் மயிலை சின்னத்தம்பி ராஜா. இருவரும் ஒரே மாகாணத்தவர், ஒரே மன்றத்தினர். ஆயினும் ஒருவர் வாக்குப் பெற்று வந்தவர். மற்றவர் அரசினரால் நியமிக்கப்பட்டு வந்தவர். இவ்வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். எம். சி. ராஜாவின் வாழ்க்கையை இறுதிவரை நோக்கினால், அதன் பொருள் எத்துணைப் பெரியது என்பது விளங்கும்.

பிறப்பும் கல்வியும்

எம். சி. ராஜா 1883-ஆம் ஆண்டு சூன் திங்கள் 17-ஆம் நாள் சென்னையை அடுத்த பரங்கிமலையில் பிறந்தார். தந்தையார் பெயர் மயிலை சின்னத்தம்பிப் பிள்ளை. இராயப்பேட்டை வெசுலி மிசன் பள்ளியிலும், பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் அவர் கல்வி பயின்று பட்டம் பெற்றார். நம் மக்களுள் எழுத்தறிந்தவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்த காலம் அது. அக்காலத்தில் பட்டம் பெற்ற ஒருவர், அரசு அலுவலில் அமர்ந்து தம் குடும்பத்தளவில் நிறைவு கொண்டிருந்தாலும் எவரும் குறை கூறியிரார். ராஜா ஆசிரியப் பணியை மேற்கொண்டார். பள்ளி மாணவர்க்கான பாடநூல்களை எழுதினார். அரங்கநாயகி அம்மையாருடன் இணைந்து அவர் 1930-ஆம் ஆண்டு வெளியிட்ட மழலையர் பாடல் தொகுப்பு, தமிழ்க் குழந்தைக் கல்வி வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. நாட்டின் தலைவிதியை உசாவும் மன்றத்தில் அமர்ந்திருந்த காலத்திலும் சின்னஞ்சிறு பிள்ளைகள் பாடி ஆடுவதற்கென நூல் செய்த அவருடைய உள்ளத்தை ஆசிரியர்கள் எளிதில் உணர்வர்.

1916-ஆம் ஆண்டு ஆதி திராவிட மகாசன சபைக்குப் புத்துயிர் ஊட்டி, அதன் செயலாளராய் அமர்ந்தார். பள்ளி வேண்டும், நிலம் வேண்டும், கிணறு வேண்டும், நடக்க வழி வேண்டும் என்ற கோரிக்கைகளை எழுத்தில் வடித்து அரசின் முன் வைக்கும் பணியைச் சபை மேற்கொண்டது. முறையீடு எழுதுவதும் ஒரு கலையே. நடந்தது என்ன, எந்தச் சட்டத்தின்கீழ் அது தவறு, வேண்டுவது யாது என்பவற்றை வரிசைப்படுத்தி எழுதக் கற்றவர்கள் மன்றத்தில் பேசவும் எளிதில் கற்பர். ராஜாவுக்கு இச்சபை அத்தகைய பயிற்சிக் கூடமாயிற்று.

மாகாண மன்றத்தில்

1919-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தால் மாகாணங்களில் புதிய மன்றங்கள் தோன்றின. சென்னை மாகாண மன்றத்தில் ஆளுநரின் நிருவாகக் குழுவினர் நீங்கலாக 127 உறுப்பினர்கள். அவர்களுள் 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், ஏனையோர் நியமிக்கப்பட்டவர்கள். அந்நியமன இடங்களுள் ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கெனத் தொடக்கத்தில் ஒதுக்கப்பட்டவை 5 மட்டுமே. வாக்குரிமை நிலமுடையோர்க்கும் வரி செலுத்துவோர்க்கும் உரியதாய் இருந்தது. பிறர் நிலத்தில் உழுது, பிறர் களத்தில் கூலி பெற்ற நம் மக்களுள் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றோர் மிகச் சிலரே. ஆகவே தேர்தல் வழியாக ஒருவரும் மன்றம் புகும் வாய்ப்பு இருந்ததில்லை. 1920-ஆம் ஆண்டில் ராஜா அரசினரால் மாகாண மன்ற உறுப்பினராய் நியமிக்கப்பட்டார்.

5 பேரை வைத்துக்கொண்டு 127 பேர் கொண்ட மன்றத்தில் என்ன செய்ய இயலும்? வாக்கெடுப்பில் வெல்ல இயலாதுதான். ஆனால் மன்றத்தின் கருவி வாக்கு ஒன்று மட்டுமன்று. உறுப்பினர் வினாக் கேட்கலாம். அமைச்சரோ அதிகாரியோ விடை கூறியே ஆக வேண்டும். அவ்விடை அச்சில் ஏறும். உறுப்பினர் தீர்மானம் கொண்டு வரலாம். அதனை எதிர்ப்பவர், தாம் எதிர்ப்பதற்குக் காரணத்தை எல்லார் முன்னிலையிலும் சொல்ல வேண்டிவரும். வரவு செலவுத் திட்டம் விவாதிக்கப்படும்போது, எந்தத் துறைக்கு எவ்வளவு என்று எழுந்து கேட்கலாம். இக்கருவிகளையெல்லாம் ராஜாவும் அவருடைய தோழர்களும் கையாண்டனர்.

1922-ஆம் ஆண்டில் அவர் கொண்டு வந்த தீர்மானம் அவ்வாறு எழுந்ததே. நம் மக்களை இழித்துக் கூறும் பொருளில் வழங்கிவந்த பெயர்களை அரசு ஆவணங்களினின்றும் நீக்கி, ஆதி திராவிடர் எனவும் ஆதி ஆந்திரர் எனவும் எழுத வேண்டும் என்று அவர் கோரினார். மன்றம் ஏற்றது, அரசு ஆணை பிறந்தது. பெயரால் வயிறு நிறையுமா என்று வினவியோர் அன்றும் இருந்தனர். பள்ளிப் பதிவேட்டில் பிள்ளையின் பெயருக்கு நேரே எழுதப்படும் சொல், அப்பிள்ளை வகுப்பறையில் நிமிர்ந்து அமர்வதா குனிந்து அமர்வதா என்பதை முடிவு செய்யும் என்பதை ஆசிரியராகிய ராஜா அறிந்திருந்தார். இத்தகைய கோரிக்கை அன்றோடு முடிந்துவிடவுமில்லை. பட்டியல் சாதிகளின் பட்டியலை மாற்றும் அதிகாரம் இன்று நாடாளுமன்றத்திற்கே உரியது. தென் மாவட்டங்களில் நெடுநாள் எழுந்த கோரிக்கையை ஏற்று, ஏழு பிரிவினரைத் தேவேந்திரகுல வேளாளர் என்னும் ஒரே பெயரில் குறிக்க 2021-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது நம் இளைஞர் அறிந்ததே. ஒரு பெயர் மாறுவதற்கும் மன்றம் கூட வேண்டும் என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன.

1924-ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் அதே மன்றத்தில் பொதுப் பாதைகளும் பொதுக் கிணறுகளும் எல்லார்க்கும் உரியவை என்னும் தீர்மானத்தைக் கொண்டு வந்து நிறைவேற்றியதும் ஈண்டு நினைக்கத்தக்கது. எண்ணிக்கையில் ஒரு கை விரல்களுக்கு மேற்படாத உறுப்பினர், தளராது எழுந்து பேசியதன் பயன் அது.

ராஜா தொடக்கத்தில் நீதிக் கட்சியோடு இணைந்திருந்தார். 1921-ஆம் ஆண்டு சென்னைப் பக்கிங்காம் கருநாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்புப் பகுதியில் கலவரம் மூண்டு, நம் மக்களின் குடிசைகள் பல எரிந்தன. அவ்வேளையில் கட்சித் தலைவர்கள் சிலர் நடந்துகொண்ட முறையும், அரசு வேலைகளைப் பங்கிடுவதில் நம் மக்களுக்கு உரிய இடம் கிட்டாமையும் அவர் உள்ளத்தைப் புண்படுத்தின. 1923-ஆம் ஆண்டில் அவர் அக்கட்சியினின்றும் விலகினார். 1925-ஆம் ஆண்டில் ஒடுக்கப்பட்ட இந்துக்களின் நிலையை விளக்கி ஆங்கிலத்தில் ஒரு நூலும் எழுதி வெளியிட்டார்.

வட்ட மாளிகையில்

இன்றைய இளைஞர் செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சியிலும் பார்த்துப் பழகிய, தூண்கள் சூழ்ந்த வட்ட வடிவ நாடாளுமன்ற மாளிகை புதுதில்லியில் 1927-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 18-ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டில் புதிய கட்டடம் எழும்பும்வரை நாட்டின் சட்டங்கள் அங்கேதான் இயற்றப்பட்டன. அம்மாளிகை திறக்கப்பட்ட அதே 1927-ஆம் ஆண்டில், ஒடுக்கப்பட்டோர் சார்பில் மத்திய சட்டசபையில் அமர்ந்தார் எம். சி. ராஜா. வெள்ளையர் கட்டிய அம்மாளிகை மிகப் பெரியது. அதில் நம் மக்கள் சார்பில் இருந்த இருக்கையோ ஒன்றே ஒன்று.

அன்றைய மத்திய சட்டசபையில் உறுப்பினர் சற்றேறக்குறைய 145 பேர். பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்; எஞ்சியோர் அரசு அலுவலரும், அரசால் நியமிக்கப்பட்ட பொது மக்களும் ஆவர். மன்றம் குளிர்காலத்தில் தில்லியிலும் பிறகு சிம்லாவிலும் கூடும். செலவினங்களுள் ஒரு பகுதியை மட்டுமே மன்றம் வாக்கெடுப்பால் முடிவு செய்யலாம். மற்றவற்றைத் தொட இயலாது. மன்றம் மறுத்த மசோதாவையும் தலைமை ஆளுநர் தம் தனி அதிகாரத்தால் சட்டமாக்கலாம். ஆக, பேச்சுரிமை பெரிதாகவும் ஆட்சியுரிமை சிறிதாகவும் இருந்த மன்றம் அது. அதில் நியமன உறுப்பினரின் நிலை இன்னும் இக்கட்டானது. அரசால் அமர்த்தப்பட்டவர் அரசை எதிர்த்தால் அடுத்த முறை நியமனம் கிட்டாது. அரசை ஆதரித்தால் நாட்டு விடுதலைக்கு மாறானவர் என்ற பழி வரும். இவ்விரண்டுக்கும் நடுவே நின்று பத்தாண்டுக் காலம் ராஜா பணியாற்றினார். 1928-ஆம் ஆண்டில் சைமன் குழுவோடு ஒத்துழைக்க அமைக்கப்பட்ட இந்திய மத்தியக் குழுவிலும் அவர் உறுப்பினராய் இருந்தார்.

1933-ஆம் ஆண்டில் சி. எஸ். ரங்க ஐயர் என்னும் உறுப்பினர் மத்திய சட்டசபையில் ஆலய நுழைவு பற்றிய மசோதாவை முன்வைத்தார். அமைச்சர் அல்லாத ஓர் உறுப்பினர் தாமாகவே கொண்டு வரும் இத்தகைய மசோதாவைத் தனி உறுப்பினர் மசோதா என்பர். ராஜா இம்முயற்சிக்கு ஆதரவாய் நின்றார். மசோதா பொது மக்கள் கருத்தறிய நாடெங்கும் அனுப்பப்பட்டது; நாள்கள் கழிந்தன. 1934-ஆம் ஆண்டில் பொதுத் தேர்தல் நெருங்கியபோது, ஆதரவளித்தோர் பின்வாங்கினர். கொண்டு வந்தவரே மசோதாவைத் திரும்பப் பெற்றார். ஏன் அவ்வாறு நேர்ந்தது என்று ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். வாக்குரிமை பெற்றிருந்தோர் பெரும்பாலும் கோயில் நுழைவால் இழப்பு நேரும் என்று அஞ்சியவர்கள். கோயில் வாயிலில் தடுக்கப்பட்டவர்க்கோ வாக்கு இல்லை. தேர்தல் வரும்போது உறுப்பினர் யாரை நோக்கி அஞ்சுவார் என்பதே ஒரு சட்டத்தின் வாழ்வையும் சாவையும் முடிவு செய்கிறது.

1932: ஒரு நாட்டையே உலுக்கிய கேள்வி

ஒடுக்கப்பட்டோர்க்கு மன்றத்தில் இடம் வேண்டும் என்பதில் தலைவர்களுக்குள் வேற்றுமை இல்லை. அவ்விடத்திற்கு உரியவரை யார் தேர்ந்தெடுப்பது என்பதிலேதான் வேற்றுமை எழுந்தது. நம் மக்களே தனியே வாக்களித்துத் தம் உறுப்பினரைத் தேர்வது தனித் தொகுதி வாக்கு முறை. இடம் நமக்கென ஒதுக்கப்பட்டு, எல்லாச் சாதியினரும் சேர்ந்து வாக்களிப்பது கூட்டுத் தொகுதி முறை. இலண்டன் வட்ட மேசை மாநாட்டில் டாக்டர் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் ஒடுக்கப்பட்டோர் சார்பில் அமர்ந்தனர், ராஜாவுக்கு அழைப்பில்லை. முன்னர்த் தனித் தொகுதி முறையை ஆதரித்திருந்த ராஜா, 1932-ஆம் ஆண்டில் கூட்டுத் தொகுதி முறையின் பக்கம் சேர்ந்து, இந்து மகாசபையின் டாக்டர் மூஞ்சேயுடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டார். அண்டை அயலாரோடு பகைமை வளராமல் வாழ வேண்டுமெனில் ஒரே வாக்குப் பெட்டி வேண்டும் என்பது அவர் கருத்து.

1932-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் பிரிட்டிசுப் பிரதமர் வகுப்புத் தீர்ப்பை வெளியிட்டார். அதன்படி மாகாண மன்றங்களில் ஒடுக்கப்பட்டோர்க்குத் தனித் தொகுதி முறையில் 71 இடங்கள் கிட்டின. அதனை எதிர்த்துக் காந்தியடிகள் எரவாடாச் சிறையில் உண்ணா நோன்பு தொடங்கப் போவதாக அறிவித்தார். செப்டம்பர்த் திங்களில் மத்திய சட்டசபையில் இது பற்றி ஒத்திவைப்புத் தீர்மானம் எழுந்தபோது ராஜா அதில் முன்நின்றார். மன்றத்தின் அன்றாட அலுவல்களை ஒதுக்கி வைத்து, உடனடியான ஒரு பொதுச் செய்தியை உசாவ வழி செய்வதே ஒத்திவைப்புத் தீர்மானம். நம் மக்களைப் பற்றிய செய்தி இந்தியாவின் பெருமன்றத்தில் உடனடிச் செய்தியாய் உசாவப்பட்டது அன்றைய நிலையில் சிறிய மாற்றமன்று.

செப்டம்பர் 20-ஆம் நாள் நோன்பு தொடங்கியது. 24-ஆம் நாள் பூனாவில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன், எம். சி. ராஜா ஆகியோர் அதில் ஒப்பமிட்டனர். தனித் தொகுதி கைவிடப்பட்டது. மாகாண மன்றங்களில் இடங்கள் 71-இலிருந்து 148-ஆக உயர்ந்தன. அவற்றுள் சென்னை மாகாணத்திற்கு உரியவை 30. மத்திய மன்றத்தின் பொது இடங்களில் 100-க்கு 18 என்பதும் ஏற்கப்பட்டது. ஒதுக்கீட்டு இடம் ஒவ்வொன்றுக்கும் முதலில் நம் வாக்காளர்கள் மட்டும் வாக்களித்து நால்வரைத் தெரிந்தெடுப்பர். பிறகு அந்நால்வருள் ஒருவரை எல்லாரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பர். இடங்களின் எண்ணிக்கை இரு மடங்காயிற்று. இறுதி முடிவோ பெரும்பான்மையோர் கைக்குச் சென்றது. வரவும் செலவும் ஒரே ஏட்டில் எழுதப்பட்ட உடன்பாடு அது. அதன் முழுக் கணக்கை ராஜா ஆறாண்டுகள் கழித்துத் தாமே பார்க்க நேர்ந்தது.

1938: வெற்றியும் தோல்வியும்

1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி 1937-இல் தேர்தல் நடைபெற்றது. சென்னைச் சட்டமன்றத்தில் 215 இடங்கள். அவற்றுள் 30 நம் மக்களுக்கு. காங்கிரசு பெரும்பான்மை பெற்றது. ஒதுக்கீட்டு இடங்களிலும் பெரும்பாலானவை அக்கட்சிக்கே சென்றன. காங்கிரசு ஆட்சிப் பொறுப்பேற்பதற்கு முன் சில திங்கள், கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு தலைமையில் நடந்த இடைக்கால அமைச்சரவையில் ராஜா வளர்ச்சித் துறை அமைச்சராய் இருந்தார். பின்னர் இராசாசி முதலமைச்சரானார். ராஜா சட்டமன்ற உறுப்பினராய்த் தம் பணியைத் தொடர்ந்தார்.

1938-ஆம் ஆண்டில் அவர் கொண்டு வந்த மசோதா ஒன்று, அரசின் ஆதரவோடு சட்டமாயிற்று. பொதுப் பாதை, கிணறு, குளம் முதலியவற்றைப் பயன்படுத்துவதினின்றும் நம் மக்களைத் தடுப்பது குற்றம் என்றும், தீண்டாமை வழக்கத்தை நீதிமன்றங்கள் ஏற்றல் கூடாது என்றும் அச்சட்டம் விதித்தது. குடிமை உரிமைத் தடை நீக்கச் சட்டம் என்று அதனைக் கூறலாம். பின்னர் 1955-இல் நாடு முழுமைக்கும் நாடாளுமன்றம் இயற்றிய தீண்டாமைக் குற்றச் சட்டத்திற்கும், இன்று குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் என வழங்கும் அதன் திருந்திய வடிவிற்கும் இது முன்னோடியாய் நின்றது. தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்தலைக் குற்றமாக்கும் சட்டத்தின் வேர், ஆசிரியர் ஒருவர் தனி உறுப்பினராய் நின்று கொண்டு வந்த மசோதாவில் இருக்கிறது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

அவ்வாண்டிலேயே அவர் கொண்டு வந்த மற்றொரு மசோதா ஆலய நுழைவு பற்றியது. மாகாணம் முழுவதிலும் கோயில்களைத் திறக்க வழி செய்வது அதன் நோக்கம். முதலமைச்சர் அதற்கு இசையவில்லை. முதலில் மலபாருக்கு மட்டும் ஒரு சட்டம் கொண்டு வந்து, படிப்படியாகச் செல்வதே ஏற்றது என்று அவர் கருதினார். ராஜா தம் மசோதாவைத் திரும்பப் பெறவில்லை, வாக்கெடுப்பு நடந்தது, மசோதா தோற்றது. தோல்வி அவருக்குப் புதிதன்று. ஆனால் ஒதுக்கீட்டு இடங்களில் அமர்ந்திருந்த நம்மவருள் பெரும்பாலோர், தம் கட்சியின் கட்டளைக்கு உட்பட்டு அவர் பக்கம் நில்லாமற் போனதே அவர் நெஞ்சைத் தைத்தது. 30 இருக்கைகள் இருந்தன, அமர்ந்திருந்தவர் நம்மவரே, எனினும் நம் மசோதாவுக்கு அவர்கள் கை உயரவில்லை. கூட்டுத் தொகுதி முறைக்காக வாதாடியவரும் பூனா உடன்பாட்டில் ஒப்பமிட்டவருமாகிய ராஜா, அம்முறையில் கொண்டிருந்த நம்பிக்கையை இழந்தார். காந்தியடிகளுக்குத் தம் வருத்தத்தைக் கடிதங்களில் தெரிவித்தார். 1942-ஆம் ஆண்டில் கிரிப்சு தூதுக்குழு வந்தபோது, ஒரு காலத்தில் மாறுபட்டு நின்ற அம்பேத்கருடன் சேர்ந்து சென்று, ஒடுக்கப்பட்டோர்க்குத் தக்க பாதுகாப்பு அத்திட்டத்தில் இல்லை என்று எடுத்துரைத்தார்.

இவ்வாறு நிலை மாறியதைக் குறையாகக் கூறுவோர் உண்டு. காலந்தோறும் கையிலிருந்த கருவியைச் சோதித்துப் பார்த்து, அது உதவாதபோது அதனை வெளிப்படக் கூறியவர் அவர் என்று கொள்வதே நேர்மை. நியமன இருக்கையிலும் அமர்ந்து பார்த்தார். கூட்டுத் தொகுதி மன்றத்திலும் இருந்து பார்த்தார். இரண்டிலும் உள்ள வலுவையும் வலுவின்மையையும் தம் வாழ்வால் நமக்குக் காட்டிச் சென்றார்.

1939-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் நம்மவர் நுழைந்தனர். அதனைத் தொடர்ந்து ஆலய நுழைவுக்கு இடமளிக்கும் சட்டமும் வந்தது. அதனைக் காண ராஜா உயிரோடு இருந்தார். மாகாணத்தின் எல்லாக் கோயில்களையும் திறந்த 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. 1943-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 20-ஆம் நாள், தம் 60-ஆம் வயதில் அவர் மறைந்தார். சென்னைச் சைதாப்பேட்டையில் அவர் பெயர் தாங்கிய மாணவர் விடுதியில் தங்கிப் பயின்று உயர்ந்தோர் மிகப் பலர். நம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரமே தமிழ்நாட்டரசின் முத்திரையில் விளங்குவது என்பர். அரசாணையின் தலைப்பில் அக்கோபுரத்தைக் காணும்தோறும், அதன் வாயிலை நமக்குத் திறக்க மன்றங்களில் எத்தனை மசோதாக்கள் தோற்றுத் தோற்று எழுந்தன என்பதை நினைத்துக்கொள்ளல் வேண்டும்.

இன்றைய மன்றமும் நம் கடமையும்

1950-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, 21 வயது நிரம்பிய அனைவர்க்கும் வாக்குரிமை அளித்தது. 1989 முதல் அவ்வயது 18. நியமன இருக்கையில் ராஜா பட்ட இக்கட்டு இதனால் நீங்கியது. கூட்டுத் தொகுதியோ நிலைத்தது. நால்வரை முன்கூட்டித் தெரியும் முறை விடப்பட்டது. 1957-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதி இரு உறுப்பினர் தொகுதியாய் இருந்தது. அதன் ஒதுக்கீட்டு இடத்தினின்றும் ஆர். எஸ். ஆறுமுகம் மக்களவைக்குச் சென்றார். இரு உறுப்பினர் முறை 1961-இல் ஒழிந்தது. பின்னர் இராசபாளையம் சட்டமன்றத் தொகுதி பல்லாண்டு தனித் தொகுதியாய் விளங்கியது. 2008-ஆம் ஆண்டுத் தொகுதிச் சீரமைப்புக்குப் பின் அது பொதுத் தொகுதியாக, ஸ்ரீவில்லிபுத்தூர் தனித் தொகுதியாயிற்று. இவ்விரண்டும் இன்று தென்காசி நாடாளுமன்றத் தனித் தொகுதிக்குள் அடங்கும். மக்களவையின் 543 இடங்களுள் 84 பட்டியல் சாதியினர்க்கு உரியவை. தமிழ்நாட்டின் 39-இல் 7. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234-இல் 44. மாநிலங்களவையில் இத்தகைய ஒதுக்கீடு இல்லை. இவ்வொதுக்கீடும் நிலையானதன்று, முதலில் பத்தாண்டுக்கென வகுக்கப்பட்டு, மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு, இப்போது 2030 சனவரி வரை செல்லும்.

இளைஞர்கள் அறிய வேண்டிய செய்திகள் சில உள. தனித் தொகுதி உறுப்பினர் நம் ஒருவருக்கு மட்டும் உறுப்பினர் அல்லர். தொகுதி மக்கள் அனைவர்க்கும் உறுப்பினர். பொதுத் தொகுதி உறுப்பினரும் அவ்வாறே நமக்கும் கடமைப்பட்டவர். ஆதலின் இராசபாளையத்துத் தெருவில் குடிநீர் இல்லையெனில், தொகுதி பொதுவாயிற்றே என்று வாளாவிருத்தல் வேண்டா. 1985-ஆம் ஆண்டுக் கட்சித் தாவல் தடைச் சட்டத்தால், கட்சிக் கட்டளையை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவி இழக்க நேரும். 1938-இல் ராஜா கண்ட கட்டுப்பாடு இன்று இன்னும் இறுகியுள்ளது. ஆனால் வினாக் கேட்பதற்கும், தனி உறுப்பினர் மசோதா கொண்டு வருவதற்கும், விவாதத்தில் குறை கூறுவதற்கும் அக்கட்டு இல்லை. ராஜா கையாண்ட கருவிகள் யாவும் இன்றும் உள்ளன. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நலனுக்கென நாடாளுமன்றத்தில் 30 உறுப்பினர் கொண்ட குழு ஒன்றும் இயங்குகிறது. உறுப்பினர் ஒவ்வொருவரும் பரிந்துரைக்கும் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அதில் 100-க்கு 15 பங்கு பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்குச் செல்ல வேண்டும் என்பது விதி. கணக்கிட்டால் 75 இலட்சம் ரூபாய். அப்பணம் எத்தெருவிற்கு வந்தது என்று கேட்கும் உரிமை, அத்தெருவில் வாழும் ஒவ்வொருவர்க்கும் உண்டு.

உறுப்பினர் எத்தனை வினாக் கேட்டார், எவ்விவாதத்தில் பேசினார், எத்தனை நாள் மன்றத்தில் இருந்தார் என்பவை இன்று வெளிப்படையாகவே கிடைக்கின்றன. நம் கழகத்தில் பயின்ற மாணவர்கள் இவற்றை ஆண்டுதோறும் தொகுத்து, ஊர்க் கூட்டத்தில் படித்துக் காட்டலாம். ஊர்க் குறைகளை நாள், இடம், அளவு குறித்து எழுதி உறுப்பினரிடம் நேரில் கொடுக்கலாம். ஆதி திராவிட மகாசன சபையினர் பள்ளிகள் அரிதாய் இருந்த காலத்தில் செய்த பணியை, பள்ளியும் கல்லூரியும் கண்ட நாம் செய்ய இயலாது என்று கூறுவது தகாது.

ராஜா மன்றத்தில் எழுந்து நின்றபோது அவர் பின்னே வாக்காளர் இல்லை. இன்று மன்றத்தில் அமர்வோர் ஒவ்வொருவர் பின்னும் நாம் இருக்கிறோம். நாம் பின்னே இருக்கிறோம் என்பதை அவர்கள் மறவாதபடி செய்வதே வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகம் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஆற்ற வேண்டிய பணியாகும்.